பேப்பர் கிழிக்கும் மிஷினுக்கு ஒரு நற்சான்று

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கிழிக்கும் மிஷின் விற்கும் வம்சி, "ஊட்டுக்கும் ஆபீசுக்கும் எது தோதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க சார், நோட்டீசு அடிக்கோணும்" என்று கேட்டான். நாலு வரிக்குத்தான் உட்கார்ந்தேன். ஐந்தாவது வரியில் ஒரு பெண் வந்து நின்றுகொண்டாள். நான் என்ன செய்யட்டும்?

2

முதல் தொடக்கம்: '1996. துடியலூரில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலை—' அடச்சே! மிஷினுக்கும் வேப்பம்பூவுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: துடியலூர் பம்புசெட் கம்பெனி முதலாளி அங்கப்பன், கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாப்பில் கடலை வாங்கித் தின்றார். தின்று முடித்துப் பொட்டலக் காகிதத்தை விரித்தால், அவர் கம்பெனியின் கொட்டேஷன்! போட்டிக் கம்பெனிக்காரனும் கடலை தின்பவன்தானே? மறுநாளே வம்சியின் மிஷின் ஆபீசுக்கு வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்குவதாகப் பேச்சு. இது தேவலை. வைத்துக்கொள்வோம்.

3

ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு சாந்தாமணிக்கு. அங்கப்பனின் தம்பி மகள். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். முதல் தாளை அவள் உள்ளே விடப்போனதும் அங்கப்பன் அலறினார்.

"அம்மணி, நில்லு! மேல பிள்ளையார் சுழி இருக்குதல்லோ? சாமியைப் போயி பல்லுக்குள்ள உடறதா?"

அங்கே சுழி இல்லாத காகிதமே கிடையாது. டைப் அடித்த தாளிலும் பேனாவால் போட்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தாளிலும் சுழியைக் கத்தரியால் வெட்டி, கண்ணில் ஒற்றி, சாமி படத்தடியில் வைத்துவிட்டு, மிச்சத்தை மிஷினுக்குக் கொடுத்தார்கள். [வம்சிக்கு: நோட்டீசில் 'கத்தரி இலவசம்' என்று சேர்த்துக்கொள்.]

4

(இந்த இடத்தில் சாந்தாமணி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆபீசே சிரிக்கும்போது இவள் ஏன் சிரிக்கவில்லை?)

அவள் மேசையில் அவளுடைய சாதகம் இருந்தது. காங்கேயத்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லிப் பெரியப்பா கொடுத்தது. கட்டிக்கொண்டால் வேலைக்குப் போகக் கூடாது என்று அந்த வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். வேண்டாமென்று அவள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் செரியாப் போயிரும் கண்ணு" என்று காப்பி கொடுத்தார்கள்.

பெரியப்பா சாப்பிடப் போனார். அவள் சாதகத்தின் சுழியை வெட்டினாள். கண்ணில் ஒற்றினாள். மிச்சத்தை, மடித்த மடிப்போடு, மிஷினில்—

5

முடிவு அ: மிஷின் அரைத்துவிட்டது, சுபம். சப்பென்று இருக்கிறது.

முடிவு ஆ: அவளுக்கும் வம்சிக்கும் காதல். ஐயோ, வம்சி இதைப் படிப்பான்.

முடிவு இ: மடிப்பு தடித்து, பாதியில் சிக்கிக்கொண்டது. பெரியப்பா வாயைத் துடைத்தபடி வந்துவிட்டார்.

"மிஷின் எப்படி அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க பெரியப்பா. எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாமுங்க. நான் வேலைக்குப் போகோணுமுங்க."

மிஷினின் வாயில் மஞ்சள் தடவிய காகித முனை நீட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா பார்த்தார். மிஷினை ஓட்டிக் காட்ட வந்து ஓரமாக நின்றிருந்த வம்சிதான் மெல்லச் சொன்னான்:

"சிக்கிக்கிச்சுன்னா ரெண்டு பொத்தான் இருக்குதுங்க. பச்சை உள்ள இழுக்கும். செவப்பு வெளிய தள்ளும்."

பெரியப்பா கையை நீட்டுகிறார். அந்தக் கையை அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எதை அமுக்கினாலும் அந்தக் காகிதம் பிழைக்காது. வேறு எழுதித் தரச் சோசியர் இருக்கிறார். ஆனால் சாந்தாமணி அந்த விரலையே பார்க்கிறாள். எனக்குத் தைரியமில்லை, சாமி. நீங்கள் வந்து அமுக்குங்கள்.