கறுவலும் சிவலையும்

முற்றத்தில் பறை அடிக்கத் தொடங்கியபோது பிரியவதனி உள்ளே ஐயாவின் மாடுகளைக் கணினியில் ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். ஐயா அம்பலவாணர் பந்தலில் பட்டுவேட்டியோடு கிடந்தார். செத்த வீட்டில் மகளுக்குக் கணினி கேட்குதோ என்று குசினிப் பக்கம் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கனடாவிலிருந்து அண்ணன் சயந்தனால் வந்துசேர முடியவில்லை. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் ஊருக்கு வந்து நின்றபோது, ஐயா மாட்டுவண்டிச் சவாரியில் வென்றதைக் கமெராவில் பிடித்தவன் அவன்தான்.

"பிரேதம் எடுக்க முன்னம் அதை இன்ரநெற்றில போடு. சனம் ஐயாவைப் பெட்டிக்குள்ள மட்டும் பாக்கக்கூடாது" என்றிருந்தான்.

போட்டுப் பார்த்தால், பாய்கிற மாடுகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிந்தது. அந்தக் காலத்துக் கமெரா ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பாதிப் படத்தை முதலில் எடுக்கும். மீதிப் பாதியைக் கண்ணிமைக்கும் நேரம் கழித்து எடுக்கும். கணினியோ இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் காட்டும். ஊர்காவற்றுறையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. பாதிகளைப் பிரித்துத் தனித்தனிப் படமாக்கி அண்ணனுக்கு அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது.

"கோடெல்லாம் போயிட்டுதடி. ஆனா மாடு முன்னுக்குப் பாயுது, பேந்து பின்னுக்கு வருது. பரவாயில்லை, நேரமில்லை, அதையே போடு."

பார்த்தாள். உண்மைதான். கறுவலும் சிவலையும் பேயைக் கண்டதுபோல் வெட்டி வெட்டிப் பின்வாங்கின. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பரவாயில்லை? ஐயான்ர மாடு எப்ப அண்ணை பின்னுக்குக் கால் வைச்சது?"

பிந்தி எடுத்த பாதி முந்தி ஓடுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கமெரா கீழ்க்கோட்டில் தொடங்குகிறது. அவள் மேற்கோடு என்று கொடுத்திருந்தாள். மாற்றி இணையத்தில் ஏற்றினாள்.

"பிள்ளை, வாய்க்கரிசி போடக் கூப்பிடினம்" என்று மாமி வந்து நின்றாள்.

"இந்தா வாறன் மாமி."

கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தல் கதிரையில் வைத்தாள். வண்டியில் ஐயா எழுந்து நின்றார். மாடுகள் எங்கும் தட்டாமல் தடக்காமல் பாய்ந்தன. பிரியவதனிக்கு நெஞ்சு நிமிர்ந்தது; கண்ணும் நிறைந்தது.

அன்று பக்கத்து வண்டியை ஓட்டிய பாலசிங்கம், அந்தச் சவாரி சமன் என்றே இத்தனை வருசமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"திருப்பிப் போடும் பிள்ளை."

போட்டாள்.

"ஒரு கழுத்து முந்தித்தான் போயிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். ஒழுங்கையில் பாடை ஆடி அசைந்து நகர்ந்தது. பாலசிங்கத்தின் குரல் கேட்டது.

"எட்டி நடவுங்கோடா! அம்பலவாணனை இப்பிடியோ கொண்டுபோறது?"

பாடை காவியவர்கள் கால்களை எட்டி வைத்தார்கள். முன்னால் போன பறைக்காரர் ஓடத் தொடங்கினார்கள்.