களப்பை மூடிய வருடம்

மீனம்மா பறியை விடவில்லை. முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி இரண்டு பெண்களும் அந்தப் பனையோலைப் பறியின் விளிம்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். உள்ளே ஒரு கைப்பிடி இறால் துடித்துக்கொண்டிருந்தது.

"விடுங்கோ மீனம்மாக்கா," என்றாள் அமராவதி.

"நான் வலை போடலீங்கம்மா. கையாலதான் தடவுனேன்."

"கையெண்டாலும் வலையெண்டாலும் சட்டம் ஒண்டுதான். நீங்களும் கூட்டத்தில இருந்தனீங்கள்தானே?"

"இருந்தேன். ஓரத்துல இருந்தேன். எங்கிட்ட யாரும் கேக்கலீங்களே."

 கரையில் பொன்னையாவும் வேறு சிலரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவியான அமராவதி யாருக்கு இரங்குகிறாள் என்று பார்க்கத்தான் அவர்கள் நின்றார்கள். அவள் பறியை இழுத்து எடுத்தாள். "பிடிச்சதைக் கொண்டுபோங்கோ. பறி மட்டும் சங்கத்தில இருக்கட்டும்," என்றாள். மீனம்மா இறாலை வாங்கி, கரையேறி, எல்லோரும் பார்க்கும்படி மணலில் போட்டுவிட்டு நடந்தாள். காகங்கள் வரும்வரை அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது. கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த அமராவதியின் கணவரும், செயலாளரும் ஒரே காலையில் போய்விட்டார்கள். பாதிப் படகுகளும் போய்விட்டன. மிஞ்சியவர்கள் முள்ளியவளைப் பக்கம் தகரக் கொட்டில்களில் இருந்துகொண்டு அவளைத் தலைவியாக்கினார்கள். கடலுக்குப் போகப் படகில்லை. படகு கிடைத்தவர்களுக்குக் கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது. எல்லோரும் கடலை ஒட்டிய உப்புநீர்க் களப்பில் இறங்கினார்கள். வயல்வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மீனம்மா போன்றவர்களும் இறங்கினார்கள். இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறி, கூலிக்கு நாற்று நட்டவள் அவள். மழை பொய்த்த பிறகு நடுவதற்கு நாற்றே இருக்கவில்லை.

மழைதான் எல்லாவற்றுக்கும் மூலம். மாரிகாலத்தில் ஆறுகள் நிறைந்து வந்தால்தான் களப்பு நிரம்பி மேவும். மேவினால்தான் மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கான வாயைத் திறக்கலாம். வாய் திறந்தால்தான் கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வரும். முந்தைய மாரி பெயருக்குப் பெய்தது. சுனாமி குவித்த மணல் வாயை அடைத்துவிட்டது. தண்ணீர் வற்றி வற்றி, ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. வலையில் வந்த இறால் விரல் நகத்தளவு ஆனது. அதையும் விடாமல் அள்ளினார்கள். கண் சிறிய வலைகள் எங்கிருந்தோ வந்தன.

அதைப் பார்த்துத்தான் அமராவதி ஆடி மாதத்தில் கூட்டம் கூட்டினாள். மழை பெய்து வாய் வெட்டும்வரை களப்பில் யாரும் தொழில் செய்யக்கூடாது என்றாள். இருப்பதையும் பிடித்துவிட்டால் பிறகு வாய் திறந்தும் பயனில்லை, இது விதைநெல் மாதிரி என்றாள். பொன்னையா எழும்பி எதிர்த்தார். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். "மழை வரும் எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?" என்று கேட்டார். அவள் நெடுநேரம் கதைத்தாள். கடைசியில் கைகள் உயர்ந்தன. பொன்னையாவின் கையும் உயர்ந்தது. அதன்பிறகு அவர் ஒருநாளும் வலையை எடுக்கவில்லை. அது அவளுக்குப் பெரிய பலமாகவும் பெரிய பாரமாகவும் இருந்தது.

பறி பறித்த மறுநாள், அமராவதி இறால் வியாபாரி றவூப்பிடம் அரிசியும் பருப்பும் கொடுத்து மீனம்மா வீட்டுக்கு அனுப்பினாள். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சமாதானம் வந்த பிறகு திரும்பியவன் அவன். வியாபாரம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வெறும் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிந்தான். பின்னேரம் அதே பையோடு வந்தான்.

"வேணாமெண்டுட்டா அக்கா. கோவமா ஒண்டும் சொல்லல்ல. இருக்கு எண்டு சொல்லிச் சிரிச்சா. குசினியில அடுப்பு எரிஞ்ச மாதிரித் தெரியல்ல."

அமராவதி பையை வாங்கி உள்ளே வைத்தாள். அன்று அவளாலும் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் சட்டத்தைத் தளர்த்தலாம் என்று அவள் நினைக்கவில்லை. ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு எல்லா வலையும் இறங்கும். கணவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். அவர் இந்தச் சட்டத்தையே போட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றியது.

புரட்டாதி வந்தது, மழை வரவில்லை. காற்றும் விழுந்துவிட்டது. களப்பு கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது. காலை வைத்தால் உலைத்தண்ணீர் மாதிரிச் சுட்டது. ஆனால் நடுவில் மீன் துள்ளுவதைப் பலர் கண்டார்கள். "பெருத்திட்டுது," என்று கொட்டில்களில் கதை பரவியது. வெகுநாட்களுக்குப் பிறகு ஆட்கள் அமராவதியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு விடியற்காலையில் பொன்னையா சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, ஒருக்காக் களப்படிக்கு வா."

போகும் வழியிலேயே நாற்றம் வந்தது. கரை வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் உப்பு என்றுதான் நினைத்தாள். கிட்டப் போனபோது அவை வயிறுகள் என்று தெரிந்தது. திரளி, மணலை, ஓரா என்று மீனெல்லாம் மல்லாந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மிதந்தன. ஒரு திரளியைக் குனிந்து எடுத்தாள். அவளுடைய முழங்கை நீளம் இருந்தது. இப்படி ஒரு மீனை இந்தக் களப்பில் கண்டு கனகாலம். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. விட்டுவைத்தவை வளர்ந்துதான் இருந்தன.

"புத்தளத்தில இறால் பண்ணையள்ல கண்டிருக்கன்," என்று றவூப் மெல்லச் சொன்னான். "காத்துமில்லாம, தண்ணியும் சூடேறினா, மூச்சு முட்டித்தான் சாகும். இத ஆரும் வாங்க மாட்டாங்க அக்கா. தின்னவும் கூடாது."

சனம் கரையில் கூடிவிட்டது. யாராவது ஏசினால் நல்லது என்று அமராவதிக்கு இருந்தது. யாரும் ஏசவில்லை. பொன்னையா மட்டும், யாரிடம் என்றில்லாமல், "பிள்ளையளுக்கு ஒருநேரம் எண்டாலும் குடுத்திருக்கலாம்," என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். செத்ததை அப்படியே விட்டால் நோய் வரும், புதைக்க வேண்டும். கொஞ்ச நேரம் தனியாக அள்ளினாள். பிறகு பக்கத்தில் யாரோ உரப்பையை விரித்துப் பிடித்தார்கள். நிமிர்ந்தாள். மீனம்மா. இருவரும் பையை நிரப்பினார்கள். பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். வெயில் ஏற ஏற நாற்றம் தாங்க முடியாமல் போனது. பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள்.

மதியமாகும்போது மீனம்மா நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் புடிக்கலாமாம்மா?"

கேலியில்லை. கோபமும் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு அமராவதியைப் பார்த்தார்கள்.

"பொன்னையாண்ணை," என்றாள் அவள், "உங்கட வலையை ஒருக்கா எடுத்துவந்து வீசுங்கோ. ஏதும் மிச்சம் இருக்கோ பாப்பம்."

ஆற்றுவாய்ப் பக்கம், மரங்களின் நிழல் விழுந்து தண்ணீர் கொஞ்சம் ஆழமாக நின்ற இடத்தில் பொன்னையா வீசினார். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வலை சரியாக விரியவில்லை. இரண்டாம்முறை விரிந்தது. இழுத்துத் தூக்கியபோது உள்ளே ஏதோ மினுங்கியது. உயிருள்ள இறால். நடுவிரல் நீளம். ஒரு குடும்பத்துக்கு ஒருநேரக் கறிக்குப் போதும். அவை வலைக்குள் துள்ளும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

பொன்னையா வலையைத் தாழ்த்தாமல் அவளைப் பார்த்தார். மீனம்மா இறாலைப் பார்த்தாள்.

விதைக்கு மிஞ்சியது இவ்வளவுதான் என்று அமராவதிக்குத் தோன்றியது. முதலில் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம்முறை சொன்னாள்.

"விடுங்கோ."

 பொன்னையா குனிந்து வலையைத் தண்ணீருக்குள் உதறினார். கரையிலிருந்த சனம் முழுக்க ஒன்றாக எட்டிப் பார்த்தது. தண்ணீர் கலங்கியிருந்தது. இறால்கள் நீந்திப் போயினவா, அடியில் அமிழ்ந்தனவா என்று யாருக்கும் தெரியவில்லை.