நிமிர்த்திய கம்பி

ஈராக்கில், சண்டையில் பாதி இடிந்த மோசூல் நகரத்தில் புதுக் கம்பி வாங்க வசதி உள்ளவர்கள் குறைவு. இடிபாட்டிலிருந்து உருவிய கோணல் கம்பியைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி வீடு கட்டிவிடுவார்கள். மகன் லுக்மானின் கல்யாணத்துக்காக மாடியும் பால்கனியும் போடக் கிளம்பிய ஸன்னூனும் அப்படித்தான். ஆனால் அவருக்கு ஒரு பவிசு உண்டு: மகள் ரிஹாப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படிக்கிறாள், முதலாண்டு.

ரிஹாப் அந்த நிமிர்த்திய கம்பியில் ஒரு துண்டை, ஆய்வுக்கூடத்தில் இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் மாட்டினாள். புதுக் கம்பியைவிட அதிகப் பாரம் தாங்கி, பிறகு நீளாமல் படாரென்று முறிந்தது. எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் முறிந்த விதத்தை யார் பார்த்தார்கள்?

"பழசுதான்ப்பா பலமா இருக்கு. தாராளமா போடுங்க."

ஸன்னூன் தேநீர்க்கடையில் சொன்னார், போதாதா? எதிர்வீட்டு உம்மு சினான், "பாத்திரம் கழுவத் தெரியாதவ இரும்புக்கு நாடி பாக்குறாளாம்" என்று நொடித்தாள். நொடித்த கையோடு தன் பால்கனிக்கும் அதே கம்பியை வாங்கிப்போட்டாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கையில் வகுப்பில் பாடம் வந்தது. வளைத்து நிமிர்த்திய இரும்பு கெட்டிப்படும். கெட்டிப்பட்டது தொய்ந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும். ரிஹாப் அன்றே அப்பாவிடம் சொன்னாள்.

"பாதித் தெரு உன் வார்த்தைய நம்பிக் கட்டியிருக்கு. இப்ப போய் இல்லைன்னா, நான் எந்த மூஞ்சியோட நடப்பேன்? கல்யாணம் முடியட்டும்மா."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தன் வீட்டுப் பால்கனிக் கதவை மட்டும் பூட்டி, பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவைத்தாள்.

மணப்பெண் வந்து இறங்கும்போது மேலிருந்து மிட்டாய் வீசுவது வழக்கம். இங்கே கதவு பூட்டியிருக்க, பெண்களெல்லாம் தட்டுகளோடு எதிர்வீட்டுப் பால்கனிக்கு ஓடினார்கள். குலவைச் சத்தம் பாதியில் நின்றது. பால்கனி தொய்யவில்லை, விரிசல்கூட விடவில்லை. அப்படியே கீழே வந்தது. உம்மு சினானோடு ஸன்னூனின் தங்கையும் செத்துப்போனாள்.

துக்கப் பந்தலில் வழக்கப்படி கசப்புக் காப்பி ஊற்றியபடி, சிமெண்ட்தான் கலப்படம் என்றார் ஸன்னூன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது மூலைவீட்டுக்காரி ரிஹாபின் கையைப் பிடித்தாள்.

"நீ பரிட்சை பண்ணின கம்பிதானே எங்க வீட்டுலயும். எங்களுக்குப் பயமில்லையேம்மா?"

ஸன்னூன் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார்.

"யாரும் மேல ஏறாதீங்க" என்றாள் ரிஹாப். "எனக்கு முன்னாடியே தெரியும்."