நானூறு தப்படி

ஸ்காட்லாந்தின் கலோடன் போர்க்களத்தில் பத்தொன்பது வருடம் வழிகாட்டியாக நின்றதில் என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. தினமும் யாராவது கடல் தாண்டி வந்து, இங்கே தோற்றுச் செத்த முன்னோரின் குலப்பெயர் வெட்டிய கல்லைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அலுத்துவிட்டது. அன்று வந்தவன் என் அண்ணன் ரானல்ட்.

நாற்பது வருடத்துக்கு முன் கனடா போனவன். அப்பா சாவுக்குக்கூட வராத மகராசன். வயிற்றில் கட்டி, கோடை வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னாராம். அதனால் வையவும் மனம் வரவில்லை. கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய மஞ்சள் பூங்கொத்து வைத்திருந்தான்.

"மெதுவா நடடா லாக்லன். பந்தயமா ஓடுறோம்?"

"நீ நோயாளி, நான் நொண்டி. நல்ல ஜோடிண்ணா."

எங்கள் குலக்கல் வந்தது. போர் நடந்த மாதமென்று ஒவ்வொரு ஏப்ரலும் அப்பா எங்களை இங்கே இழுத்து வருவார். மூதாதை டூகல்ட், 1746-ல் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய இளவரசருக்காக வாளோடு பாய்ந்தவர் என்று சொல்லித் தொப்பியைக் கழற்றுவார். எல்லாம் பொய். டூகல்ட் எதிரே, அரசாங்கப் படையில், சிவப்புக் கோட்டோடு நின்றவர். அந்தப் பக்கமும் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். பத்து வருடத்துக்கு முன் பழைய படைப்பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாகப்போகிறவனிடமா சொல்வேன்?

அண்ணன் பூவைக் கல்லில் வைக்கவில்லை.

"அரசாங்கப் படைக்காரங்க கல்லு எங்கடா?"

"அது எதுக்கு?"

"டூகல்ட் அங்கதானே நின்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யார் சொன்னா?"

"டொரன்டோ நூலகத்துல பாத்தேன், முப்பது வருஷமாச்சு. அப்பாவுக்கு எழுதினேன். 'என் வாசப்படி மிதிக்காதே, என் பொணத்தையும் பாக்காதே'ன்னு ஒத்தை வரி பதில்."

இவனை நன்றிகெட்டவன் என்று ஊரெல்லாம் தூற்றியவன் நான். வெட்கமாக இருந்தது.

"பாவி, என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீ அவர்கூட இருந்தவன். நீயாவது நம்பிட்டு நிம்மதியா இருன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் தெரியும்ணா. பத்து வருஷமா."

கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

"பத்து வருஷமா? ஒரு கடுதாசி போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேடா."

அவனைத் தாங்கிக்கொண்டு அரசாங்கப் படையின் கல்லைப் பார்க்க நடந்தேன். அது நானூறு தப்படி தள்ளி இருக்கும். பாதியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. பூவை என் கையில் கொடுத்துவிட்டு ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டான். மீதியை நான் தனியாக நடந்தேன்.