தலைக்கு இவ்வளவு

அலுவலகத்தில் அவனுக்குச் 'சராசரி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாட்டில் விளைந்தது, கப்பலில் வந்தது, எலி தின்றது, விதைக்கு ஒதுக்கியது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மிஞ்சியதை மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு சாப்பாடு என்று சொல்வது அவன் வேலை. அந்த வகுத்தலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொட்டில் குழந்தைக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் ஒரே அளவு சோறு போடுவான். யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

அரிசி விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அரிசியில் என்ன இருக்கிறது, வெறும் மாவுதானே என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த நாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி அரிசியிலிருந்துதான் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவன் அவன். அரிசியில் புரதம் கொஞ்சம்தான். ஆனால் வேறொன்றும் வாங்க வழியில்லாத ஜனங்கள் அதையே மலைமலையாகத் தின்றால் கணக்கில் ஏறத்தானே செய்யும்? ஏழ்மைதான் அந்த எண்ணை ஏற்றிவிட்டது என்பது அவனுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் தவறாமல் ஒரு குறிப்புச் சேர்ப்பான்: இது கடைக்கு வந்த அளவு, தட்டுக்கு வந்த அளவு அல்ல, அரிசியின் புரதம் பயறு வகைகளோடு சேர்ந்தால்தான் உடம்புக்கு முழுதாகப் பயன்படும்.

அந்தக் குறிப்புக்குத்தான் வினை வந்தது. சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் பயறு இனியும் தேவையா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இயக்குநர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். அவர் காப்பி வரவழைத்தால் எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். புரதம் போதுமான அளவுக்கு இருக்கிறது என்று உன் கணக்கே சொல்கிறதே, அப்புறம் எதற்குக் கீழே அந்த வால் என்று கேட்டார். படிக்கிறவர்கள் குழம்பிப்போவார்களாம். துணை இயக்குநர் இடம் காலியாக இருப்பதையும் பேச்சோடு பேச்சாகக் காதில் போட்டுவைத்தார். சராசரி வாலை நறுக்கினான்.

அவன் தங்கைக்கு அப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை கையளவுக்குப் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்காமல் போயிருந்தது. இதாவது தங்கவேண்டுமே என்று இரண்டு குடும்பமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தன. அவனும்தான். அந்தப் பயறு வாங்குகிறவர்களில் அவளும் ஒருத்தி என்பது அவனுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கிடங்கில் நிரந்தர வேலை, வீட்டுக்கு வாரம் தவறாமல் முட்டையும் மீனும் வருகிறது, ஒரு பிடி பயறு நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நாட்டை வகுத்துப் பழகிய புத்தி, தங்கை வீட்டையும் வகுத்துவிட்டது.

பயறு நின்று சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனான். சம்பந்தி வீட்டு உபசாரத்துக்குக் கேட்கவேண்டுமா? மாப்பிள்ளையோடு அவனையும் உட்காரவைத்து, அவன் தட்டில் இரண்டு முட்டையை வைத்தாள் தங்கையின் மாமியார். மாப்பிள்ளைக்கும் இரண்டு. தங்கை பரிமாறிக்கொண்டு நின்றாள். முகம் ஊதியிருந்தது, கை குச்சியாக இருந்தது. அவன் ஒரு முட்டையை அவளுக்கென்று ஒதுக்கினான். மாமியார் விடவில்லை.

"அவளுக்கு உள்ள எடுத்து வெச்சிருக்கேன் தம்பி. நீங்க சாப்பிடுங்க."

உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. சபையில் எப்படிக் கேட்பது? இரண்டையும் தின்றான். ருசியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கைகழுவப் பின்கட்டுக்குப் போகும்போது அடுக்களையைப் பார்த்தான். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தட்டிலும் குவித்த சோறு, மேலே சட்டியை வழித்து ஊற்றிய குழம்பு. அந்தப் பொம்பளையைக் கொடுமைக்காரி என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளக்கூட வழியில்லை; அவள் தட்டிலும் அதேதான். ஆண்கள் தின்றது போக மிச்சம்தான் பெண்களுக்கு என்று அவளுக்கு யாரோ பழக்கியிருந்தார்கள். அவள் அதை அப்படியே அடுத்தவளுக்குக் கொடுத்தாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் தங்கை அதைச் சொன்னாள்.

"அந்த நர்ஸம்மா பயறப் பொட்டலமாக் குடுக்க மாட்டாங்கண்ணே. வீட்டுக்குக் கொண்டுபோனா எல்லார் வாயிலயும் போயிடும்னு, அங்கேயே வேகவெச்சுக் கிண்ணத்துல போட்டு, தின்னு முடிக்கிற வரைக்கும் முன்னாடியே நிப்பாங்க. எனக்குன்னு நான் தின்னது அது ஒண்ணுதான். இப்ப நிறுத்திட்டாங்க. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க, கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

"சொல்றேன்மா" என்றான். வேறென்ன சொல்வான்? நிறுத்தியதே நான்தான் என்றா?

சும்மா சொல்லக்கூடாது, எழுதத்தான் செய்தான். மறுநாள் காலையில் முதல் வேலையாக, விட்டுப்போன குறிப்பைச் சேர்த்துப் புதிதாக ஓர் அறிக்கை தயார்செய்து இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். அவன் கணக்கை மேலிடத்தில் மெச்சினார்களாம்; பதவி உயர்வு உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்கிறதாம். கையில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். உத்தரவு வந்தது. தனி அறை வந்தது. புது அறையில் போய் உட்கார்ந்ததுமே பழைய தப்பைக் கிளறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையும் கூடவே வந்தது.

தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் அது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பதை அவன் வெளியிலிருந்து பார்த்தான். தாய்க்கு உடம்பில் சத்தே இல்லை, பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்று டாக்டர் எரிந்து விழுந்தார். மாமியார் நடைபாதையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"வயிறு நெறைய சோறு போட்டேனே தம்பி. ஒருவேளை கூடக் கொற வெக்கலியே."

அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அவன் மேலிடத்துக்கு அனுப்பியதும் இதேதான், கொஞ்சம் நல்ல தமிழில். அவளாவது அழுதாள்.

அடுத்த நாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது. மாப்பிள்ளை துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனபிறகு அவன் தங்கையின் கட்டிலுக்குப் போனான். அழுது ஓய்ந்திருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நீ சொன்னியாண்ணே?"

"சொன்னேன்மா."

அவள் தலையாட்டினாள். சொல்லாமல் இருந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் நிறைவயிற்றோடு ஒருத்தி படுத்திருந்தாள்; அதே சுகாதார நிலையத்துக்காரி, இவளோடு நின்று கிண்ணத்தில் தின்றவள். தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

"இவர்தான்க்கா எங்கண்ணன். பயறு நின்னப்ப நமக்காகப் போய்ப் பேசினாரு. அவங்கதான் கேக்கல."

அந்தப் பெண் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து, அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எங்களுக்காகக் கேக்க நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே சார். நீங்க நல்லா இருக்கணும்."

சராசரியும் பதிலுக்குக் கும்பிட்டான்.