பொன்னியம்மாள் சிரித்த படம்

சாஜிதா திருமுடிவாக்கத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்ப்பவள். வாரமெல்லாம் இரும்புத் துண்டுகளையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மனித முகங்கள் வேண்டியிருந்தன. விடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலையூர் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவாள். எடுத்ததில் பிடித்ததை இன்ஸ்டாகிராமில் போடுவாள். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அப்படி எடுத்ததுதான் பொன்னியம்மாளின் படம். ராஜகீழ்ப்பாக்கம் முனையில் மீன் விற்பவர். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அக்கா?" என்று சாஜிதா கேட்க, "எடுத்துக்கோயேன்" என்றார். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் சங்கரா மீனைத் தொட்டு, "இது தூங்குதா, செத்துப்போச்சா?" என்று கேட்டுவைக்க, பொன்னியம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே படத்தில் விழுந்தது.

சில மாதம் கழித்து மீன் வாங்கப் போனவளைக் கண்டதும் பொன்னியம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாம்மா. என் மூஞ்சிய எவன்கிட்ட வித்த?"

சாஜிதா விழித்தாள். பொன்னியம்மாள் எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். மருந்துக்கடை வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். அதில் அதே சிரிப்பு. தலைக்கு மேல், "தீராத மூட்டுவலி ஒரே மாதத்தில் பறந்தது!" என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் ஒரு மூலிகை எண்ணெய் பாட்டில். கீழே, "திருமதி காமாட்சி, வயது 65."

"வர்றவன் போறவன்லாம் 'முட்டி எப்டி கீது காமாட்சி'ன்றான். என் முட்டிக்கு இன்னா கேடு? இந்தக் கூடைய தெனம் நான்தான் தூக்கினு வரேன். அறுவத்தஞ்சாம்! எனக்கு அம்பதே இன்னும் முடியல."

"அக்கா, சத்தியமா நான் யாருக்கும் கொடுக்கல. நெட்ல போட்டிருந்தேன். அங்கேருந்து சுட்டுட்டாங்க."

"எடுத்துக்கோன்னு சொன்னேன். ஊருக்கே காட்டுன்னு சொன்னேனா?"

சாஜிதா பேனரிலிருந்த கம்பெனி நம்பரைக் குறித்துக்கொண்டாள். மீன் வாங்காமலே வீடு திரும்பினாள்.

அவள் கணவன் ஜலால் கேம்ப் ரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நெட்ல போட்டா அப்படித்தான். யாரைப் போய்ப் பிடிப்ப? பதிவு கிதிவு ஏதாவது பண்ணி வெச்சிருக்கியா?" என்றான்.

அந்தக் கேள்வி அவளை உறுத்தியது. மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தாள். படம் எடுத்த அந்த நிமிடமே அதன் காப்புரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தாக வேண்டிய கட்டாயமில்லை. இணையத்தில் போட்டதாலேயே யார் வேண்டுமானாலும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. படிக்கப் படிக்கத் தெம்பு வந்தது. கூடவே ஒரு நெருடலும். உரிமை தன்னுடையது, அவமானம் மட்டும் பொன்னியம்மாளுக்கா? சண்டை போட வழி தன் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எண்ணெய் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்ரீநிவாசன் என்ற மேனேஜர் பேசினார்.

"நெட்ல தேடி எடுத்தது மேடம். படத்துல பேர் எதுவும் இல்லையே. ஃப்ரீன்னு நினைச்சோம்."

"பேர் இல்லன்னா எடுத்த ஆளே இல்லன்னு அர்த்தமா சார்? முழுப் படம் என்கிட்ட இருக்கு. நீங்க வெட்டித் தள்ளின பக்கத்துல தராசும் மீன் கூடையும் இருக்கு. அனுப்பட்டுமா?"

மேனேஜரின் குரல் குழைந்தது. "வேணும்னா ஓரத்துல உங்க பேரைப் போட்டுடறோம் மேடம். உங்களுக்கும் நாலு பேர்கிட்ட பேர் கிடைக்கும்ல?"

படத்தோடு சேர்த்து அவள் பெயரை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு நொடி ஆசை எட்டித்தான் பார்த்தது.

"வேணாம் சார். அவங்க உங்க எண்ணெயைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல. அவங்க பேரையே மாத்திட்டு எனக்குப் பேர் கொடுக்கறீங்களா? எல்லா இடத்துலேருந்தும் படத்தை எடுத்துடுங்க."

"பார்க்கிறேன்" என்று போனை வைத்தார். அந்தப் "பார்க்கிறேன்" சாஜிதாவுக்கு நம்பிக்கை தரவில்லை. அன்று மாலையே ஒரிஜினல் படத்தை இணைத்து கம்பெனிக்கு மெயில் எழுதினாள். அதே விளம்பரம் இணையத்திலும் ஓடுவதைக் கண்டுபிடித்து, அந்தத் தளங்களிலும் காப்புரிமைப் புகார் கொடுத்தாள். விட்டுவிடச் சொன்ன ஜலாலே கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இங்க பாரு, இன்னொரு பக்கத்துலயும் போட்டிருக்கான்" என்று தேடித் தேடிக் கொடுத்தான்.

முதலில் இணைய விளம்பரம் காணாமல் போனது. வார இறுதிக்குள் ஸ்ரீநிவாசனே கூப்பிட்டார். "பேனரெல்லாம் இறக்கியாச்சு மேடம். டிசைன் பண்றவங்ககிட்டயும் கேக்காம படம் எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க."

ஞாயிறன்று மருந்துக்கடை வாசலில் பேனர் கட்டியிருந்த கயிறுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. சாஜிதா நடந்ததையெல்லாம் சொன்னாள். "என் பக்கத்துலேருந்தும் எடுத்துட்டேன் அக்கா. உங்களைக் கேக்காம நான் போட்டதும் தப்புதான்."

பொன்னியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க, அந்தப் படத்தக் காட்டு."

போனில் வெகுநேரம் பார்த்தார். "கோவத்துல அன்னிக்கு சரியா பாக்கல. நானா இது? நல்லாத்தான் எடுத்துகீற." பிறகு ஏதோ முடிவு செய்தவர்போல் நிமிர்ந்தார். "எங்க வூட்டு சுவத்துல மாட்ட ஒண்ணு போட்டுக் குடு. நெட்லயும் திரும்பப் போடு. ஆனா காமாட்சி கீமாட்சி இல்ல, பொன்னியம்மாள், மீன் கடைன்னு போடு. கீழ உன் பேரையும் போட்டுக்கோ."

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த ரத்தினபாய் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, என்னையும் ஒண்ணு எடேன்."

சாஜிதா உடனே கேமராவைத் தூக்கவில்லை. பூக்கூடை அருகில் குந்தி உட்கார்ந்தாள். படத்தை எங்கே போடுவாள், யாரெல்லாம் பார்ப்பார்கள், யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தினபாய் நாரை விரலில் சுற்றியபடி கடைசி வரை கேட்டார்.

"சரி, எடு. இரு இரு, இந்த மல்லிய கொஞ்சம் வெளிச்சத்துக்கு இஸ்துக்கறேன்."