பெரியவர் கோபமாக இருக்கிறார்

போர்வையை மாமனாரின் காதுவரைக்கும் இழுத்து மூடிவிட்டு வசந்தா உள்ளறையிலிருந்து வெளியே வந்தபோது, கையிலிருந்த காப்பியில் ஆடை கட்டியிருந்தது.

வாசலில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் பானை ஏற்றத் தயாராக இருந்தது. பண்டிகைக்கென்று கிளியனூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கமலாம்பாள், பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்னா, அப்பா எழுந்தாரா?”

“இல்ல அண்ணி. கோவமா படுத்திருக்காரு.”

“காப்பி?”

“வாணாங்கறாரு.”

இரண்டும் பொய். மாமனார் அப்பாவு செத்துப்போயிருந்தார். எந்த நேரத்தில் போனாரோ தெரியாது, தோளைத் தொட்டபோது உடம்பு கட்டையாக விறைத்துச் சில்லிட்டிருந்தது. ஆனால் அவர் கோபமாகப் படுத்திருக்கிறார் என்று சொன்னால் மரக்காணத்துக்கும் கிளியனூருக்கும் நடுவில் அதைச் சந்தேகப்படுகிற ஆள் கிடையாது.

அவருடைய கோபம் அந்த மாதிரி. தன் கல்யாணத்தன்று பாயசம் ஒரு கரண்டி குறைந்துவிட்டதென்று பனைமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண்ணை ஏணி வைத்து ஏற்றித்தான் தாலி கட்ட வைத்தார்கள். பின்னொரு கோடையில் உப்பளத்து மேஸ்திரி ஏதோ சொல்லிவிட்டாரென்று உப்புப் பாத்தியின் நடுவில் போய் மல்லாந்தார். சமாதானம் பேசி எழுப்புவதற்குள் தண்ணீர் சுண்டிவிட்டது. மீசையில் விளைந்த உப்பை வைத்து அந்த வருஷம் முழுக்க ஊறுகாய் போட்டார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தத் தடவைக் கோபம் ஒரு கோட்டால் வந்தது. பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறும்போது ஒரு பிரெஞ்சு சார்ஜண்டு தன்னைக் கட்டிக்கொண்டு அழுது கழற்றிக் கொடுத்த கோட்டு அது என்று அவர் சொல்வார். எந்தச் சார்ஜண்டு, ஏன் அழுதான் என்பது சொல்லும்போதெல்லாம் மாறும், கோட்டு மட்டும் மாறாது. நேற்று போகியன்று பழைய பாயையும் முறத்தையும் வாசலில் கொளுத்தினார்கள். “பழசெல்லாம் கொண்டாந்து போடு” என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை, வசந்தாவின் மூத்த பிள்ளை தனக்கோடி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பேச்சே இன்னும் சரியாக வராத பயல், தாத்தாவின் கோட்டைத் தரதரவென்று இழுத்து வந்து நெருப்பில் போட்டுவிட்டுக் கைதட்டினான்.

பேரனைத் திட்டக் கிழவருக்கு வாய் வரவில்லை. அதனால் மற்ற எல்லார் மேலும் கோபித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். படுத்தவர்தான்.

வசந்தா காப்பியைத் துளசிச் செடியோரம் கொட்டினாள். ஏணையில் பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. அதற்குப் பேர் வைக்கிற நாள் பொங்கலன்றே விழுந்தது, பானையை இறக்கியதும் பேர் வைப்பதாக ஏற்பாடு.

பேர் வைப்பதற்கு முன்னால் வீட்டில் சாவு விழுந்தால் அது குழந்தை தலையில். பேர் வைத்த பிறகு விழுந்தால் அது எமன் தலையில். அந்தப் பக்கத்து ஜனங்களின் சட்டம் இது. இதை வசந்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுமந்தையில் அவள் பிறந்த வாரமே அவளுடைய அப்பன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பேர் வைக்கிற சடங்கை நிறுத்தினார்கள், அப்புறம் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்தான் பரிதாபப்பட்டு வசந்தா என்று எழுதிக்கொண்டார். அதுவரைக்கும் அவளுக்கு இருந்த ஒரே பேர் ‘அப்பனை முழுங்கினவ.’ அப்பனை முழுங்கினவளே, தண்ணி கொண்டா. அப்பனை முழுங்கினவளே, ஆட்டை ஓட்டிக்கட்டு. கல்யாணப் பந்தலில்கூட ஒரு கிழவி அந்தப் பேரைச் சொல்லித்தான் நூறு வருஷம் நல்லா இரு என்று வாழ்த்தினாள்.

கமலாம்பாளோ, ஒரு பேர் வைத்தால் அது பச்சை குத்தின மாதிரி. தம்பி காசிலிங்கத்துக்கு, அதாவது வசந்தாவின் புருஷனுக்கு, சின்ன வயதில் ஓணான் என்று அவள் வைத்த பேர்தான் இன்றைக்கும் புழங்குகிறது. காசிலிங்கம் வீடு எது என்று கேட்டால் தபால்காரரே முழிப்பார்.

எப்படியாவது பேர் வைத்தாகிவிட வேண்டும். அதுவரைக்கும் மாமனார் கோபமாகவே இருக்க வேண்டும்.

அடுப்பு பற்றமாட்டேன் என்றது. மழையில் ஊறிய சவுக்கு விறகு, புகையை மட்டும் கொடுத்தது. மாமியார் சாலம்மாள் குனிந்து குனிந்து ஊதினாள். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வழிந்தது.

“நீ தள்ளும்மா, நான் ஊதறேன்” என்றாள் கமலாம்பாள்.

“வாணாண்டி. நீ அரிசியக் களை.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “ஏய்யா, ஊரு முச்சூடும் பொங்கல் வைக்குது. நீ செவுத்த மொறச்சிக்கிட்டுக் கெட. செவுரு உனக்குக் கோட்டு தைச்சிக் கொடுக்கும்.”

காசிலிங்கம் சிரித்தான். அவன் கரும்பு சீவிக்கொண்டிருந்தான். “உடும்மா. பசிச்சா தானா வருவாரு.”

வசந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கோடியைக் காணோம் என்று அப்போதுதான் கவனித்தாள். எழுந்திருப்பதற்குள் அவன் உள்ளறையிலிருந்து வந்துவிட்டான், இடுப்பில் துணி இல்லாமல், வாயில் கட்டைவிரலோடு.

“தாத்தா ஜில்லு” என்றான்.

கமலாம்பாள் அரிசி களைவதை நிறுத்தினாள். “என்னாடா?”

“தாத்தா ஜில்லு. ஐஸு.”

அடுப்படியிலிருந்து சாலம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள். “ஜில்லுனு இல்லாம? கோவத்துல ராத்திரியெல்லாம் போர்வைய எட்டி எட்டி ஒதைச்சிருக்கும். பனியில கெடந்தா. அந்தாளு ஒடம்புல எங்க சூடு இருக்குது, இருக்கறதெல்லாம் வாயிலதான்.”

“அதானே” என்றாள் கமலாம்பாள். அரிசி களைந்த தண்ணீரைப் பானையில் ஊற்றினாள்.

வசந்தா பையனைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இறங்கத் துடித்தான். ஒரு துண்டு கரும்பை அவன் வாயில் வைத்து அடைத்தாள்.

ஒருவழியாகப் பானை பொங்கியது. காசிலிங்கம் பொங்கலோ பொங்கல் என்று கத்தினான், தனக்கோடி தட்டை அடித்தான், குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. தெருக் கோடிவரைக்கும் இதே சத்தம். இந்தச் சத்தத்துக்கும் எழுந்து வராத ஒரு ஆள் இருக்கிறார் என்பதை எந்த நேரத்தில் யார் யோசிக்கப்போகிறார்களோ என்று வசந்தா உள்ளறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலாம்பாள் யோசித்துவிட்டாள். முதல் கரண்டிப் பொங்கலை ஒரு இலையில் வாங்கிக்கொண்டு, “நான் போயி சமாதானம் பண்றேன். எம்பேச்சுக்கு எழுந்துக்குவாரு” என்று கிளம்பினாள்.

“அண்ணி, வாணாம். கத்துவாரு.”

“எங்கப்பன் எங்கிட்ட கத்தட்டுமே, உனக்கென்னா?”

வசந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். உள்ளறையில் வெளிச்சம் குறைவு. கமலாம்பாள் பாய் ஓரம் உட்கார்ந்தாள்.

“ஏம்ப்பா. ஒரு கந்தல் கோட்டுக்கா இவ்ளோ? பாண்டிச்சேரிக்குப் போயி ஜம்முனு புதுசு வாங்கித் தரச் சொல்றேன் உங்க மாப்பிள்ளைய. நெய் ஊத்தியிருக்குது, ஒரு வாய் சாப்புடு. ஏம்ப்பா, நான் யாரு வூட்டுப் பொண்ணு, எம்மேலயும் கோவமா?”

குரல் இறங்கிவிட்டது. சொல்லிக்கொண்டே அவருடைய தோளை நோக்கிக் கையை நீட்டினாள்.

வசந்தா குழந்தையின் தொடையைக் கிள்ளினாள்.

மெதுவாகக் கிள்ளியிருக்கலாம். பயத்தில் நகம் பதிந்துவிட்டது. குழந்தை ஒரு கணம் மூச்சடக்கி, பிறகு வீறிட்டது. அந்த வீறலில் கூரைக் குருவிகள் பறந்துபோய் அடுத்த பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தன என்று சொல்வார்கள். கமலாம்பாள் இலையைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

“எறும்பு கிறும்பு கடிச்சிதா? குடு இங்க. குடுங்கறேன். என் கண்ணு, என் தங்கம்.”

குழந்தையை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்விட்டாள். வசந்தா சுவரில் சாய்ந்து நின்றாள். மார்பில் பால் கசிந்து ரவிக்கையை நனைத்தது.

“வசந்தா” என்று வெளியிலிருந்து மாமியார் கூப்பிட்டாள். “நல்ல நேரம் போவுது. வா.”

வாசலில் கோலத்தின் மேல் பலகை போட்டு, நிறைகுடம் வைத்து, கமலாம்பாள் குழந்தையோடு உட்கார்ந்தாள். அத்தைதான் காதில் பேரைச் சொல்ல வேண்டும். சர்க்கரைத் தண்ணீரில் தங்க மோதிரத்தைப் போட்டுவைத்திருந்தாள். எல்லாம் தயார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பேரு?”

காசிலிங்கம் பெண்டாட்டியைப் பார்த்தான்.

“அப்பாதான சொல்லணும்” என்றாள் கமலாம்பாள். “தனக்கோடிக்கு அவருதான சொன்னாரு. தாத்தா வாயால வராத பேரு என்னா பேரு? கோவம் தீர்ற வரைக்கும் வேணா நிறுத்தி வைப்போம். நாளைக்கு மாட்டுப் பொங்கலு, நல்ல நாளுதான்.”

“அதுவும் சரிதான்” என்றான் காசிலிங்கம். அவன் யார் சொன்னாலும் சரிதான் என்பவன்.

வசந்தாவுக்குக் காது அடைத்தது. நிறுத்தி வைப்போம் என்ற சொல்லை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருந்தாள். வாய் தானாகப் பேசியது.

“நான் கேட்டுக்கிட்டு வர்றேன்.”

“உங்கிட்ட சொல்வாரா?”

“எம்மேல கோவம் இல்ல அண்ணி. கோட்டு எரியும்போது நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தேன்.”

உள்ளே போனாள். பின்னாலேயே எல்லாரும் எழுந்து வருகிற காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பாயில் மண்டியிட்டு, அவர் மேல் எட்டிச் சாய்ந்து, காதை வாயருகே கொண்டுபோனாள். மூச்சில்லாத வாய். நரைத்த மீசை அவள் கன்னத்தில் குத்தியது. இப்படியே எவ்வளவு நேரம் கேட்கிற மாதிரி இருக்க முடியும்? ஊன்றிய முழங்கால் போர்வையை இழுக்க, கால்பக்கம் துணி விலகியது. மூடுவதற்காகக் கையை நீட்டினாள்.

இரண்டு கட்டைவிரல்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அவள் கட்டவில்லை. பச்சை நூல்புடவையிலிருந்து நீளமாகக் கிழித்த துணி, சிவப்புக் கரையோடு. முடிச்சு சின்னதாக, இறுக்கமாக, பதறாத கையால் போட்டது.

நிமிர்ந்தாள். வாசற்படியில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் நிலைக்கட்டையில் ஊன்றி, பின்னால் எட்டிப் பார்க்கிற மகளுக்கும் மகனுக்கும் வழியை அடைத்துக்கொண்டு. பச்சை நூல்புடவை. சிவப்புக் கரை. முந்தானை ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நூல் பிரிந்து தொங்கியது.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வசந்தா போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

“என்னாடி சொல்றாரு உன் மாமனாரு?” என்றாள் சாலம்மாள். தெருவுக்கே கேட்கிற குரல்.

“பொன்னம்மாள்னு வைக்கச் சொல்றாரு, அத்தே.”

“எங்கப்பாவப் பெத்தவ பேரு” என்றாள் கமலாம்பாள் பின்னாலிருந்து. மூக்கை உறிஞ்சினாள். “கோவத்துலயும் பாரு, அம்மாவ மறக்கல.”

“மறப்பாரா?” என்றாள் சாலம்மாள். “போ, போயி உக்காரு. அவரு மனசு மாறறதுக்குள்ள சொல்லிடு.”

கமலாம்பாள் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொன்னாள். மோதிரத்தால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. காசிலிங்கம் ஒரு தடவை பொன்னம்மா என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சாலம்மாள் எல்லாரையும் சாப்பிட வைத்தாள். வேண்டாம் என்று இலையை மறைத்த காசிலிங்கத்தின் கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள். தனக்கோடிக்கு ஊட்டினாள். மருமகளுக்கு நெய்யை வழிய வழிய ஊற்றினாள். “சாப்புடு. பால் குடுக்கறவ. நாளைக்கு வெச்சிப் பாக்காத, இன்னிக்கே சாப்புடு.” தன் இலையைப் போடவில்லை. வசந்தா குனிந்த தலை நிமிராமல், சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள்.

கமலாம்பாள் கை கழுவிவிட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். “அப்பாவுக்கு மொளகு வடைன்னா உசிரு. வாசனைக்கே எழுந்து வருவாரு பாரு” என்று ஒரு உருண்டை மாவை இலையில் வைத்துத் தட்டினாள்.

சாலம்மாள் குழந்தையை ஏணையிலிருந்து எடுத்து வசந்தாவின் கையில் கொடுத்தாள். தனக்கோடியின் கையைப் பிடித்து அவளுடைய முந்தானையில் சேர்த்தாள்.

“புள்ளைங்கள அழைச்சிக்கிட்டுப் பக்கத்து வூட்டுல இரு.”

“அத்தே…”

“போம்மா.”

பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மணலில் குத்தி அணைத்தாள்.

“ஏம்மா, இன்னும் ஒரு வடைகூட போடல” என்று கமலாம்பாள் திரும்பினாள்.

சாலம்மாள் கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெயின் சலசலப்பு மெல்ல அடங்கியது. கமலாம்பாள் கையில் தட்டிய வடை அப்படியே இலையில் இருந்தது.